அப்பாவின் இடப்பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பாப்பாவும் நலமா? போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அந்த நிமிடமே அப்பாவைக் கூப்பிட்டுக் கத்துவாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

ஒன்பது வருடம் ஸ்டூடியோவில் போட்டோவைப் பார்த்து முகம் வரைந்தேன். எங்கள் முதலாளிக்கு ஒரே மந்திரம்: முகத்தில் எது நல்ல பாதியோ அதை டிரேசிங் தாளில் எடுத்து, திருப்பிப் போட்டு மறுபாதி ஆக்கிவிடு. மரு போச்சு, கோணல் போச்சு, வந்தவர்களுக்கு வாயெல்லாம் பல். நானும் எத்தனை முகத்துக்கு இஸ்திரி போட்டேனோ! ஒரு நாள் காய வைத்திருந்த பதினோரு படங்களும் அண்ணன் தம்பி மாதிரி தெரிந்தன. முதலாளியோடு சண்டை என்று உன்னிடம் சொன்னது பொய். வேலையை விட்டது அதனால்தான்.

இப்போது ஒரு கண்காட்சிக்கு உருவப்படம் கேட்டிருக்கிறார்கள். ஆளை நேரில் உட்கார வைத்து வரைய வேண்டும், சம்மதம் என்று அவர் கையெழுத்தும் வேண்டும். முப்பதாம் தேதி கடைசி. அப்பாவை உட்கார வைத்தேன். பழக்க தோஷம், வலப்பாதியையே திருப்பிப் போட்டுவிட்டேன். "அடடா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கேனே" என்று அப்பாவுக்கு ஏக சந்தோஷம். எனக்கோ அது யாரோ. மறுநாள் காலை கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் வரைந்தேன். தொங்கும் இடது இமை, கோணி இழுத்துக்கொண்ட வாய், அந்த ஓரத்தைத் துடைக்க எந்நேரமும் கையில் இருக்கும் கைக்குட்டை.

ஆமாம் அக்கா, நீ சரியாகத்தான் படித்தாய். ஏழு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பதினாறு நாள் ஆஸ்பத்திரி. இப்போது பயமில்லை, கோல் ஊன்றி நடக்கிறார். உனக்கு அப்போது ஏழாம் மாசம், டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். "அவகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பேச்சு குழறியதற்குப் பல்செட் மேல் பழி போட்டோம். வீடியோவில் எப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பியே பேசுகிறாரே, வெளிச்சத்துக்காக என்றா நினைத்தாய்? உனக்கு நல்ல பாதியை மட்டும் காட்டினார்.

படத்தை வெகுநேரம் பார்த்தார். "பெத்த பொண்ணுகிட்டயே மறைச்சதை ஊர் பாக்க மாட்டி வைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தள்ளிவிட்டார். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. நான் வைக்கும் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

கோபமும் அழுகையுமாக வருகிறது அக்கா. இத்தனை வருடத்தில் என் கை வரைந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது இந்த ஒரு முகம்தான். உனக்கு இதை எழுதுவது அப்பாவுக்காகவா, அந்தக் கையெழுத்துக்காகவா? நேற்று முழுக்க யோசித்தேன். இரண்டுக்கும்தான். சத்தியத்தை மீறிவிட்டேன், மன்னித்துவிடு.

கையெழுத்தைப் பற்றி அவரிடம் நீ வாயே திறக்காதே. படம் போகாவிட்டால் போகட்டும். என்னைத் திட்டி முடித்ததும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவரை வீடியோவில் கூப்பிடு. "நேரா உட்காருங்கப்பா, உங்க பேத்தி தாத்தாவைப் பாக்கணுமாம்" என்று சொல்லு. அவர் திரும்பும்போது மட்டும், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், முகத்தை மாற்றிக்கொண்டுவிடாதே.

உன் தங்கை,
கிறுக்கி