உபயம் எழுதிய காடு

வால்தம்ஸ்டோ,
மாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கோசிகாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர மற்ற எல்லாப் பாகங்களும் சுகம். நீயும் அந்த வெர்மொன்ட் பனியில் கைவிரல் கால்விரல் ஒன்றும் குறையாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவருக்கு அந்த இடம் எங்கே என்று தெரியுமோ என்னவோ. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் காட்டில் சிக்னல் கிடையாது, சிக்னல் கிடைக்கிற நேரம் நீ என்னைக் கதைக்க விடுவதும் கிடையாது. தம்பி மிதுலன் வெம்பிளியில் வீடு பார்க்கிறான், கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவனுக்குக் காது கேட்பதில்லை. கிளறிற்றா அன்ரி உன்னை விசாரித்தார். பிள்ளை இன்னும் மரம்தான் வெட்டுதோ என்று கேட்டார். இல்லை, எதை வெட்ட வேண்டும் என்று பெயின்ற் அடிக்கிறாள் என்றேன். அதுக்கோ மாஸ்டர்ஸ் படிச்சது என்றார். நான் அவர் வீட்டு வடையில் இன்னொன்றை எடுத்துக்கொண்டேன்.

சரி, நம்முடைய ஊர்ச் சங்கத்துக் காட்டுக்கு வருகிறேன். ஒன்றுகூடலுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் என்று எஸெக்ஸில் சங்கம் ஒரு மைதானம் வாங்கியபோது, பின்னால் இருந்த சின்னக் காடும் சேர்ந்து வந்தது உனக்குத் தெரியும். நம்மவர்கள் ஒரு பொருளைக் கண்டால் அதில் உபயம் இன்னார் என்று எழுதாமல் விடுவார்களா? கோயில் ரியூப் லைற்றில் உபயகாரரின் பெயர் மறைத்தது போக மிச்சம்தான் வெளிச்சம். தலைவர் சுந்தரராஜன், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மரம், காலமானவர் பெயரில் ஒரு தகடு என்று திட்டம் போட்டார். சேலையில் சேறு படாமல் போய்வரக்கூடிய மரங்களாகப் பார்த்து எல்லோரும் பிடித்தார்கள். நானும் உன் அம்மாவின் பெயரை ஒரு பீச் மரத்தில் மாட்டினேன். இரண்டாகக் கவர்விட்ட மரம், அழகென்று சொல்ல முடியாது. பக்கத்தில் மடக்குக் கதிரை போடச் சமமான நிலம் இருந்தது, அதுதான் காரணம். போகும்போதெல்லாம் அதில் குந்தியிருந்து வீட்டுச் செய்தி முழுவதையும் அவளுக்கு ஒப்புவிப்பேன், உயிரோடு இருந்தபோது இவ்வளவு நேரம் அவள் பொறுத்துக் கேட்டதில்லை.

போன கோடையில் நீ வந்தபோது, என் மகள் காட்டு விஞ்ஞானி என்று பெருமை பேசி உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான். நீ கமிட்டியை நிற்க வைத்து வகுப்பு எடுத்தாய். உங்கள் மேப்பிள் காடுகளில் முந்தியவர்கள் நல்ல மரங்களை எல்லாம் வெட்டி விற்றுவிட்டுக் கோணலையும் நோயாளியையும் விட்டுப் போனார்கள், அதைத் திருத்த இப்போது நூறு வருஷ வேலை கிடக்கிறது என்றாய். முதலில் மோசமானதை எடு, நல்லதை நெருக்குவதை எடு, மிஞ்சியதற்கு வெளிச்சம் கொடு, வெளி விழுந்த இடத்தில் கன்றுகள் தானாக வரும், மானிடமிருந்து மட்டும் காப்பாற்று என்றாய். கமிட்டி தலையாட்டியது, அது எங்கள் கமிட்டிக்கு நன்றாக வரும். நீ வெட்ட வேண்டிய மரங்களுக்கு நீலப் பெயின்ற் அடித்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய்.

அடுத்த ஞாயிறு அவரவர் தங்கள் மரத்தைப் பார்க்கப் போனார்கள், பிடித்தது சனி. அஞ்சலீனா ரீச்சரின் புருஷன் பெயரில் இருந்த மரம் உள்ளே உக்கிப்போய்விட்டது என்று நீ கோடு போட்டிருந்தாய். அந்த மனுஷன் இருக்கேக்கையும் அப்பிடித்தான், அதுக்காக வெட்டினனாங்களோ என்று ரீச்சர் சண்டைக்கு வந்தார். சுந்தரராஜனின் மாமியார் பெயரில் இருந்த ஓக் மட்டும் நெட்டையாய், நீலம் படாமல் நின்றது. விஞ்ஞானம் பொய் சொல்லாது என்று அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அம்மாவின் மரத்தடிக்குப் போனேன். நெஞ்சு உயரத்தில் ஒரு கோடு, அடியில் ஒரு பொட்டு, இரண்டும் நல்ல அழுத்தமாக.

எனக்கு வந்த கோபத்தை உனக்கு மறைக்க மாட்டேன். கொஞ்சநாள் நான் போன் எடுக்காமல் இருந்தபோது காய்ச்சல் என்று மிதுலன் சொன்னானே, காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. பெற்ற தாயின் பெயரைப் பார்க்காமல் பெயின்ற் அடித்தவள் என்று வீட்டில் கத்திக்கொண்டு திரிந்தேன். கமிட்டியிலும் வேண்டாம் என்று முதலில் கை தூக்கியது நான்தான். வெட்டு நின்றுபோயிற்று.

தைப்பொங்கலன்று மிதுலன் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தான். நீ பெயின்ற் அடித்தபோது அளவு நாடா பிடித்தவன் அவன்தானே. அக்கா பாத்தவ அப்பா, சட்டைக் கையால தகட்டைத் துடைச்சுப்போட்டுக் கனநேரம் நிண்டவ, பிறகுதான் அடிச்சவ என்றான். அடுத்தநாள் கதிரையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். நீ சொன்னதுபோல் அடிமரத்தைப் பார்க்காமல் அண்ணாந்து பார்த்தேன். அம்மாவின் பீச்சில் ஒரு கவர்க்கிளை முழுவதாகப் பக்கத்தில் நின்ற சுந்தரராஜனின் மாமியார் ஓக்கின் மேல் சாய்ந்து கிடந்தது, வெளிச்சம் இல்லாமல் ஓக்குக்கு அந்தப் பக்கம் கொப்பே இல்லை. பஸ்ஸில் யாராவது ஏறினால் உன் அம்மா எழும்பி இடம் விடுவாள், நான் ஜன்னலால் கடைகளைப் பார்ப்பேன், முந்தி இருந்த ஜேர்மனியிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். "நீயும் உன்ர மகளும் சேர்ந்திட்டியள், இனி நான் என்ன கதைக்கிறது" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதேன். குளிருக்கு அது மூக்கோடு சேர்ந்து பெரிய கரைச்சலாகிவிட்டது.

கூட்டத்தில் எழும்பி, முதலில் என் மனுசி சுசிலாவின் மரத்தை வெட்டுங்கள் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். என்ர மனுஷனை மட்டும் ஏன் விடுவான், அவரையும் எடுங்கோ என்றார் அஞ்சலீனா ரீச்சர். போன கிழமை வெட்டுகாரர்கள் வந்தார்கள். மரம் விழுந்ததும் அந்த இடத்தில் வெயில் வந்து இறங்கியது, எங்களுக்கே கண் கூசியது. கன்றுகள் வரட்டும் என்று சுற்றி மான்வலையும் அடித்தாயிற்று. கழற்றிய தகடு என் கையில் இருந்தது. வாய் ஓயாத சுந்தரராஜன் அதை வாங்கித் தன் மாமியாரின் தகட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். "அண்ணை, மாமி இனி வளர்ந்தா அது சுசிலாக்காவால. இதில எழுதி மாட்டுவம்" என்றார்.

நேற்று மாட்டினோம். மரம் அவரின் மாமியார் பெயரில்தான். அதற்குக் கீழே, வெளிச்சம் உபயம்: சுசிலா ஜீவரத்தினம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஹெல்மெற்றைக் கழற்றாதே, உன் மேலதிகாரி நல்ல மரத்தில் கை வைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லு. அம்மாவும் பிள்ளையாரும் உனக்குத் துணை நிற்பார்கள். கோடைக்குக் கட்டாயம் வரவேண்டும். கதிரையை நான் பழைய இடத்தில்தான் போடுகிறேன், நிழல் போய்விட்டதால் உன் அம்மாவின் உபயம் நேரே என் மொட்டையில் அடிக்கிறது. வரும்போது ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் கணக்கில் இன்னும் நீலம் படாத அப்பா,
க. ஜீவரத்தினம்