கண்ணில் ஒற்றிய பந்து

10.2.2004, செவ்வாய்
காலையில் நல்ல பனி. பந்து ஈரத்தில் வழுக்கியது. நாளை பேஸ்பால் இறுதிப் போட்டி. எறிவது நான். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர் வருகிறாராம். எடுத்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை. இல்லையென்றால் ஜெயமங்கலத்தில் அப்பாவோடு வாழைக்குத் தண்ணீர்.
வாங்க: ஷூ லேஸ், பேண்டேஜ்.
பி.டி. சார் இன்றும் அதே பாட்டு. "பந்தக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போடுலே. நாங்க கோட்டத் தொட்டுக் கும்பிடாம எறங்குனதே இல்ல." அவர் ஆடியது கபடி.

11.2, புதன்
தோற்றோம். என்னால்தானாம்.
கடைசி இன்னிங்ஸ். ரன் சமம். மூன்றாவது பேஸில் அவர்கள் ஆள். எறிபவன் நிற்கும் ரப்பர் பலகையில் கால் வைத்து, இரண்டு கையையும் சேர்த்து, பந்தோடு அசையாமல் நின்றேன். பிறகு, பழக்கதோஷம், பந்தை எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். "பால்க்!" என்று கத்தினார் அம்பயர். அந்தத் தப்புக்கு எதிரணிக்கு ஒரு பேஸ் இனாம்; மூன்றாவது பேஸில் நின்றவன் நடந்தே வந்து ரன் எடுத்தான். முடிந்தது.
உள்ளூர் ஆட்டங்களில் யாரும் இதைப் பிடித்ததில்லை. அங்கெல்லாம் அம்பயர் நம்ம பி.டி. சாரேதான்.
மதுரை அம்பயர் பொறுமையாகச் சொன்னார். "பேஸ்ல ஆள் இருக்கு. கையச் சேத்து நின்னாச்சு. இனி ஒண்ணு எறியணும், இல்ல பேஸுக்குப் போடணும், இல்ல கால ரப்பருக்குப் பின்னால எடுக்கணும். சும்மா கையப் பிரிச்சா ஓடுறவன ஏமாத்துற கணக்கு தம்பி."
சார் எல்லார் முன்னாலும்: "சாமி கும்பிடணும்னா கோயிலுக்குப் போ. இங்கன எதுக்குலே வந்த?"
குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தேன்.

14.2, சனி
வெயில். தலைவலி. மாநில அணியில் நான் இல்லை.
அப்பா: "விடுய்யா. மோட்டாருக்கும் ஆள் வேணும்ல." ஆறுதல்தான். அதுவும் கசந்தது.

17.2, செவ்வாய்
ஷூவைத் துவைத்துக் காயப்போட்டேன். எதற்கோ.
சார் கூப்பிட்டுவிட்டார். இனி எறியப் போவது அவர் அக்கா மகன். "அந்த பால்க்க இவனுக்குச் சொல்லிக்குடுலே." வெட்கமே இல்லை. சொல்லிக்கொடுத்தேன், நானும் மானங்கெட்டவன்.
பயல் நல்லவன். சார் போனதும் மெதுவாகச் சொன்னான்: "மாமா வீட்டுல ரொம்ப வருத்தப்பட்டாகண்ணே. 'அவன் மேல தப்பில்ல, நான்தான் பழக்கிவிட்டேன்'னு அத்தைகிட்டச் சொன்னாக."
அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.
ஆள் எடுக்க வந்தவர் அன்றைக்கு சாருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.