‘மேலும்’ பக்கம் திறக்கும் நேரம்

இன்று மதியம் உன் அப்பாவின் ஃபோனைக் கையில் எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஃபிரிட்ஜின் மேல், அதே பச்சைத் தட்டில், அதே சார்ஜரில்தான் இன்னும் இருக்கிறது. நீ போய் இரண்டு மாதமாகிவிட்டது. யாரும் அதன் இடத்தை மாற்றவில்லை. திரையின் மூலையில் நீ விரிசல் விழவைத்த இடத்தில் என் கட்டைவிரல் பட்டது. பள்ளி விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல், எம்பி நின்று நீ இதை எடுக்கும் காட்சி அப்படியே கண்ணுக்குள் வந்தது.

ஆபீஸ் வாசலில் ஃபோனை ஒப்படைக்கும் வரிசையில் நிற்க உன் அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. நம் இரண்டு பேரின் அப்பாக்களும் வேலை செய்கிற இடத்தில் ஃபோனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. என் அப்பா கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வார். உன் அப்பா, “போனா போகுது, வீட்லயே கெடக்கட்டும்” என்று விட்டுவிட்டுப் போவார். அதனால்தான் அது மாலை முழுக்க உன் ஃபோனாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிற எல்லாமும் நடந்தது.

முதல்முறை நீ என்னோடு பேசியது நினைவிருக்கிறதா? நாங்கள் திருநெல்வேலியிலிருந்து தெலுங்கு பேசும் இந்த ஊருக்கு, காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்து, “ஹவ், இது முழுசும் தமிழா? படம்கூட நக்கோவா?” என்றாய். எனக்குப் பாதி புரியவில்லை; ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘நக்கோ’ என்றால் வேண்டாம், ‘கைக்கு’ என்றால் எதுக்கு என்று பழக நாளாயிற்று. உன் தாத்தாவின் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு வந்தவர் என்றும், உங்கள் வீட்டில் தமிழ் பேசத் தெரியும், படிக்கத்தான் வராது என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டில் நீ ஒருத்திதான் எழுத்துக்கூட்டிப் படிப்பாய். அதுவும் நான் தொல்லை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு நம் குவார்ட்டர்ஸ் மரங்களைப் பற்றி ஒரு செயலி செய்வதென்று முடிவு செய்தோம். நிரல் எழுதுவது நீ, மரங்களைப் பற்றி எழுதுவது நான். நாற்பத்திரண்டு மரங்களை எண்ணினோம். பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் இருக்கிற சீதாப்பழ மரத்தை நீ சேர்க்கவே விடவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் பழம் மிஞ்சாதாம். ஆக, நாற்பத்தொன்று.

செயலி தயாரானதும் இரண்டு ஃபோன்களில் போட்டுப் பார்த்தோம். உங்கள் சாப்பாட்டு மேசையில் என் அம்மாவின் புது ஃபோனும் உன் அப்பாவின் பழைய ஃபோனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நீ செய்த வினாடி வினாப் பக்கத்தை இரண்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினோம். பழையது முந்தியது. திரும்பவும் அழுத்தினோம். திரும்பவும் பழையதுதான்.

“உங்க அம்மா ஃபோனு வெறும் ஷோக்குடீ” என்றாய்.

“போன மாசம்தான் வாங்கினது. உன்னோடதுல ஏதோ ஏமாத்து வேலை செஞ்சிருக்க.”

“கைக்கு ஏமாத்தணும்? எங்க அப்பா ஃபோனுக்கு மரியாத தெரியும்.”

காரணம் கண்டுபிடிக்க நமக்கு நான்கு நாளாயிற்று. நீ இணையத்தில் படித்துப் படித்து ஆங்கிலத்தில் சொல்ல, நான் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘செயலியில் இருக்கும் கட்டளைகள் ஃபோனுக்கு நேரடியாகப் புரியாது. நடுவில் ரன்டைம் என்ற ஒன்று இருந்து அவற்றை மாற்றிக் கொடுக்கிறது. முதல் முறை ஒரு பக்கத்தைத் திறக்கும்போது ஒவ்வொரு வரியாக மாற்றுவதால் தாமதமாகிறது. எந்தப் பக்கத்தை அடிக்கடி திறக்கிறோம் என்பதை அது குறித்து வைத்துக்கொள்ளும். ஃபோன் சார்ஜில், யாரும் தொடாமல் கிடக்கும்போது, குறித்து வைத்த பக்கங்களை மட்டும் முன்கூட்டியே மாற்றி வைத்துவிடும். அடுத்த முறை அவை உடனே திறக்கும்.’

உன் அப்பாவின் ஃபோன் பகல் முழுக்க ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் சும்மா கிடந்தது. அதற்கு வேண்டிய நேரமெல்லாம் கிடைத்தது. என் அம்மாவோ ஃபோனை அணைக்காமல் சார்ஜ் போடவே மாட்டாள். நோட்டைக் கொண்டுபோய் அவளிடம் படித்துக் காட்டினேன்.

“ஏட்டி, அது படிக்கும், மாத்தும்னு எல்லாம் எங்கிட்ட சொல்லாத. ஆஃப் பண்ணாம போட்டா வெடிச்சிரும். எங்க ஊர்ல ஒருத்தருக்கு வெடிச்சிருக்கு.”

“யாருக்கும்மா?”

“யாருக்கோ.”

இதை உன்னிடம் சொன்னபோது நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். பிறகு சொன்னாய்: “ஃபோனும் உன்ன மாதிரிதான்டீ. தனியா விட்டாதான் படிக்கும்.”

அந்த வாரத்தோடு கடிதத்தை முடித்துவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் சண்டையைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதற்கே அர்த்தமில்லை.

ஒவ்வொரு மரத்துக்கும் நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கேட் அருகே நிற்கிற வேம்பின் நிழல் காலையில் பால் பூத்தின் மேலும் மாலையில் பஸ் நிறுத்தத்தின் மேலும் விழுவதைப் பற்றி, அந்த நிழல் நகர்வதற்கேற்ப இஸ்திரிக்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பற்றி. நீ அவற்றையெல்லாம் இரண்டு வரியாக வெட்டினாய். மீதியை ‘மேலும்’ என்ற சின்னப் பொத்தானுக்குப் பின்னால் தள்ளிவிட்டாய்.

“ஜட்ஜுங்க ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. நீ எழுதினத படிச்சு முடிக்கிறதுக்குள்ள மரமே பட்டுப்போயிரும்டீ” என்றாய். கேலிதான். எப்போதும் செய்கிற கேலி.

நான் சொன்னது கேலி இல்லை. “நீயே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிற. எது நல்லா இருக்கு, எது இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

நீ வயரைச் சுருட்டினாய். புதிய பதிப்பை உன் அப்பாவின் ஃபோனில் போட்டு, எனக்கும் அனுப்பிவைத்தாய். ஒரு வார்த்தைகூட எழுதாமல் அனுப்பிய முதல் செய்தி அதுதான்.

பதினொரு நாள் நாம் பேசவில்லை. பஸ்ஸில் நீ முன்னால், நான் பின்னால். நான்தான் முதலில் பேச வேண்டும் என்று தெரிந்தே இருந்தேன். கண்காட்சிக்கு முன்தினம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். பன்னிரண்டாம் நாள் நீ பள்ளிக்கு வரவில்லை. மழைக்காலக் காய்ச்சல்தானே என்றார்கள். பிறகு டெங்கு என்றார்கள். பிறகு உன் அப்பா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி என் அப்பாவிடம், ரத்தம் கொடுக்க யாராவது கிடைப்பார்களா என்று கேட்டார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. கண்காட்சிக்கு நான் போகவில்லை.

இன்று உன் அப்பாதான் என்னை வரச்சொன்னார். ஒரு காரணம் இருந்தது. தினமும் மாலை ஆறே முக்காலுக்கு அந்த ஃபோன் அடிக்கிறதாம். ‘ஹிந்தி ஹோம்வொர்க்’ என்று நீ வைத்திருந்த நினைவூட்டல். அது அடித்ததும் உன் அம்மா எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறாராம்.

“அத மட்டும் எடுத்துடறேன் அங்கிள்” என்றேன்.

“ஒண்ண எடுத்தா இன்னொண்ணு வருது பேட்டா. நேத்து உன் பர்த்டேன்னு வந்துச்சு. இன்னும் ஒரு மாசம் இருக்கு, கிஃப்ட் யோசின்னு எழுதி வெச்சிருக்கா.” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எல்லாத்தையும் அழிச்சிடு. கடைக்காரன் கையில குடுக்க மனசு வரல. நீ பண்ணு.”

படங்களையும் குரல் பதிவுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அழிப்பதற்கு முன்னால் நம் செயலியை ஒருமுறை திறந்தேன். உன் வினாடி வினாவைத்தான் முதலில் அழுத்தினேன். வெள்ளைத் திரை வந்து நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிய பிறகே கேள்வி வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஃபோனில் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு திறந்த பக்கம் அது. பிறகு புரிந்தது. நீ கடைசியாகப் போட்டது புதிய பதிப்பு. புதியதைப் போட்டால் ரன்டைம் குறித்து வைத்ததெல்லாம் போய்விடும், முதலிலிருந்து பழக வேண்டும் என்று நம் நோட்டிலேயே எழுதியிருக்கிறோம். அதற்குப் பிறகு நீ உன் வினாடி வினாவைத் தொடவே இல்லை போலிருக்கிறது.

வேப்ப மரத்துக்குப் போய் ‘மேலும்’ என்பதை அழுத்தினேன்.

உடனே திறந்தது. விரலை எடுப்பதற்குள் முழுப் பக்கமும் வந்துவிட்டது. என் அம்மாவின் ஃபோனில் அதே பக்கம் இன்றுவரை தடுமாறித்தான் திறக்கிறது. இங்கே புங்கையிலும் உடனே. நாவல் மரத்திலும் உடனே. நாற்பத்தொரு மரத்துக்கும் ‘மேலும்’ பக்கம் ஒன்றேதான், எழுத்துகள்தான் மாறும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஃபோன் நன்றாகப் பழகி வைத்திருந்தது.

சந்தேகத்தோடு கேட்டேன். “அங்கிள், இந்த ஆப்ப நீங்க திறந்து பாத்தீங்களா?”

“நான் கைக்கு திறக்கப்போறேன் மா? அதெல்லாம் தமிழு. எனக்குப் படிக்கத் தெலுங்குதான் வரும்.”

உள்ளேயிருந்து உன் அம்மா வந்து கதவருகில் நின்றார். “காய்ச்சல் வர்றதுக்கு முந்தி, ஸ்கூல் விட்டு வந்து கிச்சன்ல தரையில உக்காந்து அத வெச்சிட்டு முணுமுணுன்னு படிப்பா. ஒரே எழுத்த நாலு வாட்டி. எக்ஸாமான்னு கேட்டேன். இல்லம்மா, மரம் படிக்கறேன்னா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அம்மா அழவில்லை. என் தலையில் கை வைத்து, “அதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

வேம்பைப் படித்துக் காட்டினேன். இஸ்திரிக்காரர் வண்டியைத் தள்ளும் இடம் வந்தபோது உன் அப்பா, “ஹவ், தள்ளுவான்” என்றார்.

“இத அழிக்காம விட்டுடலாமா அங்கிள்?” என்று கேட்டேன். இந்த ஃபோன் பழகி வைத்திருப்பது உன் விரலை என்றும், அழித்தால் அது எங்கேயும் பத்திரமாக இருக்காது என்றும் என்னால் முடிந்தவரை விளக்கினேன். அவர் உன் அம்மாவின் பக்கம் திரும்பினார். ஆறே முக்காலுக்கு இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. உன் அம்மாவின் கண் கடிகாரத்தில் இருந்தது.

“அழிச்சிடு பேட்டா” என்றார் உன் அப்பா.

நான்தான் அழித்தேன். இதை உன்னிடம் மறைக்கக் கூடாது. ‘எல்லாவற்றையும் நீக்கவா?’ என்று அது இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் என் விரல்தான் ஆம் என்றது. ஃபோன் அணைந்து, புதிதாக வாங்கியது போல வணக்கம் சொல்லிக்கொண்டு எழுந்தது. என்னிடம் இருந்த நம் செயலியை, நீ கடைசியாக அனுப்பிய அதையே, மறுபடியும் அதில் போட்டேன். உன் அம்மாதான் கேட்டார். “இன்னொரு மரம் படி” என்றார்.

புங்கையைத் திறந்து ‘மேலும்’ என்பதை அழுத்தினேன். வெள்ளைத் திரை. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம்தான் எழுத்து வந்தது.

அந்த மூன்று விநாடியில்தான் எனக்கு முழுவதும் விளங்கியது. ஒரு பக்கம் வேகமாகத் திறக்கிறது என்றால், அது மெதுவாகத் திறந்த நாட்களில் யாரோ திரும்பத் திரும்பக் காத்திருந்திருக்கிறார்கள். இரண்டு வரிக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நீ, என்மேல் கோபமாக இருந்த நீ, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, இந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாய். அதுவும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாய் என்று உன்னைச் சொன்னவள் எழுதியதைப் படிக்க. நானோ பஸ்ஸில் எழுந்து உன் பக்கத்தில் வந்து உட்காரக் காத்திருந்தேன், கண்காட்சி வரட்டும் என்று.

“கைக்கு நிறுத்திட்ட? படி மா” என்றார் உன் அப்பா. படித்தேன்.

ஆறே முக்கால் வந்தது. ஃபோன் அடிக்கவில்லை. உன் அம்மா அப்போதும் எழுந்து பால்கனிக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு நாவல் மரத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்தொரு மரமும் தீர்ந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. சீதாப்பழ மரத்தைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அதை எழுதி உங்கள் வீட்டில் மட்டும் படிப்பேன், வேறு யாருக்கும் காட்ட மாட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் அம்மாவின் ஃபோன் அணைக்காமலே சார்ஜில் கிடக்கிறது.

முன்பெல்லாம் ஏதாவது திறக்கத் தாமதமானால் திரையைத் தட்டிக்கொண்டே இருப்பேன், நீ கையில் அடிப்பாய். இனி தட்டமாட்டேன். வெள்ளையாக இருக்கிற அந்த நேரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். நீ எனக்காக அங்கே உட்கார்ந்திருந்த நேரம் அது.