தெரிஞ்சு எறிஞ்ச கல்

5-11-57, செவ்வாய்

விடியும் முன்பே அடைமழை. ஆஸ்பத்திரி. கண்கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் வலது கண்ணைப் பொத்தி, "விரல் எந்தப் பக்கம் போகுது?" என்றார். "எந்த விரல்?" என்றேன். அவ்வளவுதான். இடது கண் முடிந்தது. கன்னியாஸ்திரீ ஒருத்தி தோளில் கை வைத்தாள். தட்டிவிட்டேன்.

இனி இல்லை: அச்சாபீசில் புரூஃப் பார்ப்பது. ஊசியில் நூல் கோப்பது. டம்ளரில் காபி ஊற்றுவது (மேசையில் ஊற்றினேன். தனம் ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள். கட்டிய பெண்டாட்டி ஒன்றும் சொல்லாததுதான் கோபம்). எழுதும் வரி மேலே ஏறுகிறது. ஏறட்டும்.

வாலிபத்திலிருந்து எழுத்துக் கோத்தவன். பிரெஞ்சு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்துக் கற்றது. பிரெவே பரீட்சை பாஸ் பண்ணாதவன் என்று போர்மேன் வேலையை வேறொருத்தனுக்குக் கொடுத்தார்கள். மறக்கவில்லை.

நடந்ததை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் ஆளாளுக்கு மாற்றிவிடுவார்கள். ஆவணியில் மீன்காரி அஞ்சலை என் வீட்டுக்கு எதிரே ரோட்டில் கருவாடு காயப்போட்டாள். புகார் கொடுத்தேன். முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனார்கள். ரோடு பொது. நான் செய்தது சரி. இன்றும் சொல்வேன். மறுநாள் அவள் மகள் சிவகாமி, வயது பதினொன்று, எதிர்ச் சுவரோரம் நின்று "பெரியவரே" என்று கூப்பிட்டாள். திரும்பினேன். கல்.

கூப்பிட்டாள், திரும்பவிட்டாள், எறிந்தாள். இதை யாரும் காதில் வாங்குவதில்லை.

சாயங்காலம் சவரக்கடை. கடைக்காரன்: "சின்னப் புள்ள நைனா, கேஸ வுட்டுடு." கத்தியைத் தள்ளிவிட்டுப் பாதி முகத்தோடு எழுந்து வந்துவிட்டேன். பெரியவன் எறிந்தால் ஜெயில். சின்னது எறிந்தால் விளையாட்டா? கல்லுக்கு வயசு இருக்கிறதா? யார் செய்தாலும் ஒரே தண்டனை.

தனம்: "பதினோரு வயசுப் பொண்ண பெரிய ஜெயில்ல போட்டா, வெளிய வர்றப்ப இன்னாவா வருவா?"

"அது என் வேலை இல்ல."

"ஆமா. உங்க வேல புகார் குடுக்கறது."

சாப்பிடவில்லை.

8-11-57, வெள்ளி

மழை. உப்பளம் முழுக்கத் தண்ணீர். வாய்க்கால் எது, ரோடு எது தெரியவில்லை. குடைக்கம்பி ஒன்று உடைந்தது.

அஞ்சலை வந்தாள். மீன்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச்சொன்னாள் தனம். வரவில்லை.

"ஐயா, செவ்வாக்கெழம கோர்ட்ல எம்மவள இன்னா கேப்பாங்க? அவொக்கா சொன்னாரு. பிரெஞ்சுல சொல்லிட்டுப் போய்ட்டாரு. ஒண்ணும் வெளங்கல."

வக்கீலுக்கு அவொக்கா என்று சொல்லத் தெரிகிறது இவளுக்கு. சட்டம் எனக்குத் தெரியும். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியும் கோர்ட்டில் பழைய பிரெஞ்சு சட்டம்தான். அந்தச் சட்டப் புத்தகத்தை அச்சுக் கோத்தவன் நான். சொன்னேன்:

"சின்னப் பிள்ளையா இருந்தா ஒரே கேள்விதான். தீசேர்நமான் இருந்ததா, இல்லையா."

"அப்டின்னா?"

"அறிவு. உன் மகளுக்கு அறிவு இருக்கா இல்லையான்னு பார்ப்பாங்க."

கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். மழை முகத்தில் அடித்தது. "எம்மவளுக்கா? எம்மவளுக்கா அறிவு இல்ல? கேக்கட்டும். வந்து கேக்கட்டும்!"

போய்விட்டாள். கதவைச் சாத்தினேன். என்னிடம்தானே வந்து கேட்க வேண்டியிருந்தது. நிம்மதியாகக் காபி குடித்தேன். (பாதி சிந்தியது.)

12-11-57, செவ்வாய்

கோர்ட். தூறல். வேட்டி நுனி சேறு.

நீதிபதி நம்மவர்தான், பேச்சு மட்டும் பிரெஞ்சு. அதைத் தமிழில் சொல்லும் துபாசி ஒல்லியான ஆள், தொண்டை கட்டியிருந்தது. சிவகாமிக்குக் கூண்டின் கட்டை மூக்குவரை வந்தது. கால்மணை கொண்டுவந்து ஏற்றினார்கள்.

அவொக்கா அவள் காதில் சொன்னது எனக்குக் கேட்டது: "எத கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. வீட்டுக்குப் போய்டலாம்."

பிறகு சாட்சி. பெண்ணைப் பற்றிச் சொல்ல அஞ்சலை தெருவையே கூட்டிவந்திருந்தாள். தலை வாரி, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போவதுபோல மீன்காரிகள் வரிசை. துபாசி கேட்டார்: "இந்தப் பொண்ணு எப்பேர்ப்பட்டவ?"

முதலாமவள்: "சாமி, இவ அறிவு யாருக்கும் வராது. ஏலத்துல கூறு போட்டா, கூடையப் பாத்தே வெல சொல்லிடுவா."

அவொக்கா நெற்றியில் கை வைத்தார். அறிவு இல்லை என்றால்தானே விடுதலை.

இரண்டாமவள்: "கடலுக்குப் போன கட்டுமரம் திரும்பறத மொதல்ல பாக்கறது இவதான். எங்க கண்ணுக்குப் புள்ளியாக் கூடத் தெரியாது. பாயில இருக்கற ஒட்டுத்துணியப் பாத்து, இது அவங்க மரம், இது இவங்க மரம்னு சொல்லுவா. போன ஐப்பசிப் புயல்ல எம்புருசன் வர்றான்னு மொதல்ல சொன்னது இவ. நான் நம்பல. வந்துட்டான்."

துபாசி மொழிபெயர்ப்பதை விட்டுச் சிவகாமியைத் திரும்பிப் பார்த்தார். கடலில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருத்தி புருஷன் உயிரோடு இருப்பதைப் பார்த்த கண். பதினொரு வயசு.

மூன்றாமவள் சும்மா இருந்திருக்கலாம். "குறி தப்பாது சாமி! இவ எறிஞ்சா பறக்கற காக்காகூட வுழும்!"

அவொக்கா உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம்தான் நீதிபதி அந்தச் சொல்லைச் சொன்னார். தீசேர்நமான். துபாசி முதலில் தமிழில் சொன்னார்: "நல்லது எது, கெட்டது எது, செஞ்சா இன்னா ஆவும்னு பிரிச்சுப் பாக்கற பக்குவம்."

பக்குவம். எத்தனை தடவை இந்தக் கையால் கோத்த சொல். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டே கோத்திருக்கிறேன்.

சிவகாமியைக் கேட்டார்கள். அவொக்கா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், தெரியாது சொல், தெரியாது சொல்.

"தெரிஞ்சுதான் எறிஞ்சேன்."

"ஏன் கூப்பிட்டே?"

"முதுவுல எறியக் கூடாது இல்ல."

"என்ன ஆகும்னு நினைச்சே?"

"வலிக்கும்னு தெரியும். வலிக்கணும்னுதான் எறிஞ்சேன். எங்கம்மா ராத்திரி பூரா அழுதுச்சி." என் பக்கம் திரும்பினாள். "கண்ணு போய்டும்னு தெரியாது."

என்ன தண்டனை வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். எழுந்து சொன்னேன். பெரியவனுக்கு என்னவோ அதே. குறையக் கூடாது. வெளியே யாரோ "தூ" என்றார்கள். கூண்டுக்குள் இருந்தவள் மட்டும் தலையை ஆட்டினாள், ஆமாம் என்று. எனக்கு ஆமாம் போட்ட ஒரே ஆள் அவள். உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு.

தனத்திடம் எல்லாம் சொன்னேன். "உங்களாட்டமே இருக்கா" என்றாள். திட்டா, என்ன, தெரியவில்லை.

15-11-57, வெள்ளி

மேகம். மழை வரும்போல. வலது கண்ணில் நீர்.

தீர்ப்பு. தீசேர்நமான் இல்லாமல் செய்த காரியம். தண்டனை இல்லை, தாயிடம் ஒப்படைப்பு. இன்று தொண்டை கட்டிய ஆள் வரவில்லை. வேறு துபாசி, சின்னப் பையன், அவசரம். அவன் சொன்னது: "உனக்கு அறிவு கெடையாதுன்னு தீர்ப்பு. வூட்டுக்குப் போ."

அவ்வளவு நாள் அழாதவள் அழுதாள்.

"எனக்கு அறிவு இருக்கு! எனக்கு இருக்கு!"

மீன்காரிகள் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி நீதிபதியைப் பார்த்து, "உன் புள்ளைக்கு இருக்கா?" போலீஸ் எல்லாரையும் வெளியே தள்ளியது. விடுதலையானவர்கள் இப்படிக் கத்தி இந்த ஊர் பார்த்திருக்காது.

வராந்தாவில் சிவகாமி என் முன்னால் வந்து நின்றாள். அஞ்சலை இழுத்தாள். வரவில்லை.

"பெரியவரே, நீங்க சொன்னா கேப்பாங்க. மறுபடி விசாரிக்கச் சொல்லுங்க. எனக்கு அறிவு இருக்குன்னு எழுதச் சொல்லுங்க."

"எழுதினா ஜெயில்."

"போறேன்."

ஜெயிலுக்குப் போகிறேன் என்று என்னிடம் கேட்கிறது ஒரு குழந்தை. நான் கேட்டதையே கேட்கிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை.

தண்டனை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. கேட்டால் நாளைக்கும் அதையே சொல்வேன். ஆனால் சொல் என்பது வேறு. அது தப்பாக நிற்கக் கூடாது. இத்தனை பேர் நடுவில் சொன்னேன்: "அறிவு இல்லைன்னு தீர்ப்பு இல்ல. உங்கம்மாகிட்ட நான் சொன்ன அர்த்தம் தப்பு."

"அப்போ சரியான அர்த்தம் இன்னா?"

"வலிக்கும்னு உனக்குத் தெரியும். போனா வராதுன்னு அன்னிக்குத் தெரியாது. அந்த ரெண்டாவதுதான் தீசேர்நமான். மறுபடி விசாரிக்க எதுவும் இல்ல."

யோசித்தாள். என் இடது கண்ணையே நேராகப் பார்த்தாள். கட்டு அவிழ்த்ததிலிருந்து யாரும் அதைப் பார்த்ததில்லை. தனம்கூட நெற்றியைப் பார்த்துத்தான் பேசுகிறாள்.

"இப்போ தெரியும்," என்றாள்.

உள்ளங்கையால் தன் இடது கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே நடந்தாள். தூணில் தோள் இடித்தது. அஞ்சலை, "ஏண்டி, கைய எடு, வுழுந்து தொலைக்கப் போற!" எடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடினார்கள். அவள் மட்டும் ஒரு கையை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு, கடற்கரை ரோட்டில் திரும்பி மறையும் வரை, எடுக்கவே இல்லை.