சிவப்புப் பொட்டு

வாலியா லூப்பா கிராமம்
12 அக்டோபர் 1986

என் அன்பு ஓட்டிலியா,

நீ அனுப்பிய காபிப் பொட்டலம் நலமாக வந்து சேர்ந்தது. "பாதி காபி, பாதி கொண்டைக்கடலைத் தூள், டீச்சரம்மா" என்றார் தபால்காரர். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. குடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷம் எனக்கு இரண்டாம் வகுப்பு. பத்தொன்பது பிள்ளைகள். ஆளுக்கொரு விறகுக்கட்டை கொண்டுவர வேண்டும். அடுப்பு சூடேறும்வரை தொப்பியோடுதான் பாடம். நான் பேசுவது எவர் காதிலும் ஏறுவதில்லை. அதனால் ஒரு விளையாட்டு தொடங்கினேன். போன விழாவில் மிஞ்சிய சிவப்புக் காகிதத்தை வட்ட வட்டமாக வெட்டிவைத்திருக்கிறேன். கணக்கைச் சரியாகப் போட்டால், உரக்கப் படித்தால், சுவரில் பெயருக்கு நேரே ஒரு பொட்டு. ஐந்து பொட்டு சேர்ந்தால் ஒரு நாள் முழுவதும் பள்ளி மணியை அவர்களே அடிக்கலாம். நீ நம்ப மாட்டாய், பெஞ்சில் தூங்கி வழியும் கவ்ரிலா இப்போது பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிறான். நேற்று என்னிடம், "தோழர் டீச்சர், பொட்டைக் கொஞ்சம் பெருசா வெட்டுங்களேன், ரோட்ல இருந்து பாத்தா தெரியவே மாட்டேங்குது" என்கிறான்.

ஒருத்திக்கு மட்டும் இன்னும் ஒன்றும் இல்லை. சவேத்தா, தொவாதர் புக்கூரின் மகள். கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பாள். எழுந்து படி என்றால் எழுந்து நிற்பாள், படிக்க மாட்டாள். அவள் பெயருக்கு நேரே வெறும் சுவரைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு முத்தம். கடிதம் போடு, சோம்பேறி.

உன்,
வெத்தூரியா

30 அக்டோபர் 1986

என் வெத்தூரியா,

சோம்பேறி இல்லையடி, பள்ளி ஆய்வாளர். இரண்டும் ஒன்றுதான் என்று நீ சொல்வாய். உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

உன் பொட்டு விளையாட்டு பெரிய விஷயம். வசந்தகால மாநாட்டில் புது முறை ஒன்று வேண்டும் என்று தலைமை ஆய்வாளர் தினமும் கேட்கிறார். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னுடையதைக் கொடுக்கலாமா?

பேசாத பிள்ளைக்கு ஒரு யோசனை. வாயால் சொல்ல முடியாதவள் எழுதட்டும். ஒரு பெட்டி வை. வீட்டில் யாராவது செய்த நல்ல காரியம் ஒன்றைப் பார்த்து, சீட்டில் எழுதிப் போட்டால் ஒரு பொட்டு. எழுத்தும் பழகும், நற்குணமும் பழகும். நல்ல சீட்டுகளை எனக்கு அனுப்பு. பிள்ளைகள் கையால் எழுதியதையே அனுப்பு. நகல் எடுத்தால் உயிர் போய்விடும்.

உன்,
ஓட்டிலியா

வாலியா லூப்பா
7 டிசம்பர் 1986

என் தங்கமே,

உனக்குக் கோயில் கட்டலாம்! சவேத்தா எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளையில் யாரும் பார்க்காதபோது பெட்டியில் போட்டிருக்கிறாள். நான்கு வாக்கியம். ஒரு பிழை கிடையாது. முற்றுப்புள்ளிகூட விடவில்லை. மூன்று மாதமாக மேசையையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை! நான் அப்போதே சுவரில் பொட்டை ஒட்டினேன். வகுப்பே கை தட்டியது. அவள் காதுவரை சிவந்துபோனாள்.

ஏழு சீட்டுகள் இதோடு வைத்திருக்கிறேன். அவளுடையது மூன்றாவது. தபாலில் தொலைந்தாலும் உன் கண்ணில் படவேண்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

"என் அப்பா நல்லவர். செத்துப் பிறந்ததாக எழுதிக்கொடுத்த கன்றுக்குட்டியை வளர்த்து, பின்பு அறுத்தார். படுக்கையில் கிடக்கும் இலியானா அத்தைக்கும் இரண்டு வீட்டுக்கும் கறி கொடுத்தார். நான் வாளி பிடித்தேன்."

எழுத்தைப் பார், ஓட்டிலியா, எழுத்தைப் பார். நேர்கோட்டில் நிற்கிறது.

உன்,
வெத்தூரியா

21 டிசம்பர் 1986

அன்புள்ள வெத்தூரியா,

சீட்டுகள் வந்தன. கோப்பில் வைத்துத் தலைமை ஆய்வாளரிடம் கொடுத்தேன். அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. மூன்றாவது சீட்டை இரண்டு முறை படித்தார். "எந்த ஊர்ப் பொண்ணு இது?" என்று கேட்டார். சொன்னேன். "குடும்பப் பேர் என்ன?" என்றார். அதையும் சொன்னேன். ஒரு குழந்தைமேல் இவ்வளவு அக்கறை காட்டி நான் அவரைப் பார்த்ததில்லை. கோப்பு அவரிடமே இருக்கிறது.

இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. குளிராக இருக்கும். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ஓட்டிலியா

வாலியா லூப்பா
18 ஜனவரி 1987

ஓட்டிலியா,

தொவாதர் புக்கூரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போன புதன்கிழமை, காலை பத்து மணி. போலீஸ் வண்டி பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போனது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். வந்தவர்கள் தேடவே இல்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நேரே தொழுவத்துக்குப் போய், பின்னால் இருந்த உப்புக்கறி மரத்தொட்டியைத் திறந்தார்களாம். அடுத்து இலியானா அத்தை வீடு. படுத்திருந்தவளை எழுப்பிக் கட்டிலுக்கு அடியில் பார்த்திருக்கிறார்கள்.

கன்றுகள் பதிவேட்டில் ஏறுவதும், அனுமதியில்லாமல் அறுத்தால் சிறை என்பதும் எனக்குத் தெரியாததா? நானும் இந்த ஊர்க்காரிதானே. அந்தச் சீட்டை நான் எத்தனை முறை படித்தேன் தெரியுமா? சிவப்பு மைப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தேன். பிழை தேடினேன். பிழை இல்லை. இருபத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் அப்படித்தான் படிப்பாள் போலிருக்கிறது. நீயும் வாத்தியாராக இருந்தவள்தானே. நீ எப்படிப் படித்தாய்?

யார் சொன்னது என்று ஊருக்குத் தெரியாது. தபால்காரரைச் சந்தேகப்படுகிறார்கள். சவேத்தாவுக்கும் தெரியாது. கறிக்கும் சீட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. தினமும் வருகிறாள். "தோழர் டீச்சர், எங்கப்பா ஊருக்குப் போயிருக்காரு. அம்மா சொன்னாங்க" என்றாள். அவளாக வந்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது.

மற்றவர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. இந்த வாரம் பெட்டி நிரம்பி வழிகிறது. நல்ல காரியம் என்றுதான் எழுதுகிறார்கள். "மாமா ஆலையில் இருந்து எண்ணெய் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார்." "அம்மா வெளிநாட்டு ரேடியோவை மெதுவாக வைத்தாள், தம்பி தூங்கட்டும் என்று." நான் அவற்றைப் படித்ததும் அடுப்பில் போடுகிறேன், பொட்டு மட்டும் ஒட்டுகிறேன். வியாழக்கிழமை போலீஸ் சார்ஜெண்ட் வந்து அடுப்பருகே கையைச் சூடேற்றிக்கொண்டார். "நல்ல விளையாட்டா இருக்கே டீச்சர்! என் பொண்டாட்டி என்ன பண்றான்னு என் பையன் எழுதுனா எனக்கும் காட்டுங்க" என்று சிரித்தார். போகும்போது பெட்டிக்குச் சாவி உண்டா என்று கேட்டார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதுவரை நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. அந்தச் சீட்டைக் கோப்பிலிருந்து எடுத்துவிடு. விசாரணையை ஊர் மன்றத்தில் எல்லோர் முன்னாலும் நடத்தப்போகிறார்களாம். கறி கிடைத்துவிட்டது, அவர்களுக்கு அது போதும். பிள்ளையின் கையெழுத்து அங்கே வரக்கூடாது. அவள் இந்த ஊரில்தான் வளரவேண்டும். அனுப்பியது நான்தான் என்று எழுதிக்கொடுக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வெத்தூரியா

2 பிப்ரவரி 1987

தோழர் வெத்தூரியா மோகா,

உங்கள் கடிதம் பதினொரு நாள் கழித்து வந்தது. உறையின் ஒட்டுப் பகுதி ஈரமாக இருந்தது.

நீங்கள் குறிப்பிடும் காகிதம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது. உங்கள் முறை மாவட்டம் முழுவதற்கும் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். மாதந்தோறும் சீட்டுகளைக் கட்டி அனுப்பவும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், வெத்தூரியா.

ஓ. ஸ்தான்சு
ஆய்வாளர்

வாலியா லூப்பா
1 மார்ச் 1987

ஓட்டிலியா,

வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்தது. மூன்று வருஷம். நீ அங்கே இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாராவது முதலில் படித்தால் படிக்கட்டும்.

பள்ளிக்கூடத்தையும் கூட்டிவரச் சொல்லி உத்தரவு. பத்தொன்பது பேரையும் இரண்டிரண்டாக நடத்திக்கொண்டு போனேன். முன்வரிசையில் எங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். சவேத்தாவை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி அவள் அம்மாவிடம் முதல்நாளே போய்ச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும். அவள் என்னைத் திட்டவில்லை. "அவங்கப்பாவ அவ பாத்து ஆறு வாரம் ஆச்சு. எப்படி நிறுத்துவேன், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மேடையில் தொவாதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் பதிவேடு, கறியின் எடை, சாட்சிகள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் அரசு வழக்கறிஞர் கோப்பிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். நகரத்து ஆள், கண்ணாடி கொண்டுவரவில்லை போல. பெயர் சொல்லாமல், "ஒரு நேர்மையான சிறுமி" என்று தொடங்கிப் படித்தார். சவேத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் படிக்கப் படிக்க அவள் உதடுகளும் கூடவே அசைந்தன. மூன்றாவது வாக்கியத்தை "அத்தைக்கும் இரண்டு வீட்டுக்கும் கறி கொடுத்தார்" என்று தொடங்கினார்.

அவள் எழுந்து நின்றாள். "'படுக்கையில் கிடக்கும் இலியானா அத்தைக்கும்'" என்றாள். உரக்க, தெளிவாக, நான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுக்க முயன்ற மாதிரியே. அத்தோடு நிற்காமல் கடைசிப் புள்ளிவரை பார்க்காமலே சொல்லி முடித்தாள்.

தொவாதர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊருக்கும் அப்போதுதான் தெரிந்தது. "நல்லாப் படிச்சடி, கண்ணு. உக்காரு" என்றார் அவர்.

அவள் உட்காரவில்லை. நீதிபதி சிரித்துக்கொண்டே, "இந்தப் பொண்ணுக்கு எல்லாரும் ஒரு கைதட்டல் குடுங்க!" என்றார். பின்வரிசையில் நின்ற சார்ஜெண்ட் முதலில் தட்டினார். பிறகு ஒவ்வொருவராகத் தட்டினார்கள். அவள் அம்மாகூடத் தட்டினாள்.

சவேத்தா யாரையும் பார்க்கவில்லை. திரும்பி என் கைகளைப் பார்த்தாள்.

நானும் தட்டினேன்.

வெத்தூரியா மோகா