பாதியில் நிற்கும் படம்

17.11.2009, செவ்வாய்

கணினியில் உள்ள படங்களை டிவிக்கு அனுப்பப் புதிய மென்பொருள் ஒன்றைக் கொழுந்தன் சேகர் போட்டுக் காட்டினான். பழையது அவர் போட்டது.

"புதுசு ஷோக்கா கீது அண்ணி. போஸ்டர்லாம் தானா வருது. அண்ணன் போட்டத தூக்கிடட்டா?"

பழையதைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவர் பார்த்த படம் பாதியில் நிற்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்கிறது. அவர் திரும்பி வரவில்லை.

"பழசே இருக்கட்டும்."

"இன்னா அண்ணி, அது டப்பா!"

அவன் போனதும் துறைமுக நிலக்கரியிலிருந்து காற்றில் வந்து திரையில் படிந்திருந்த கரித்தூளைத் துடைத்தேன். அழுகை வரவில்லை. மீதிப் படத்தை நான் பார்க்கலாம். பார்த்தால் அவர் விட்ட இடம் நகர்ந்துவிடும்.

எதையும் அழுத்தாமல் டிவியை அணைத்தேன்.