பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குளம்

ஜூலை 3

மகாகனம் பொருந்திய மூன்றாம் வகுப்பு வாத்தியாரம்மா, என் அக்கா மகளுக்கு,

எவரும் நம்பமாட்டாத ஒரு வரலாற்றை எழுதப் போகிறேன். நம்பினால் நான் பொறுப்பில்லை.

வகுப்புச் சுவரில் தொங்கும் ஊர் வரைபடத்தில் பள்ளிக்குப் பின்னால் நீலமாக ஒரு குளம், நேரில் போனால் வெறும் பொட்டல், குளம் எங்கே என்று பிள்ளைகள் துளைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வரைபட அலுவலகத்தில் அதை வரைந்த கைதான் இதையும் எழுதுகிறது. கேள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மூன்றரை மணி. பேரிடி ஒன்று முழங்கியது. மேலிருந்து ஒரே ஒரு சொட்டு விழுந்தது. குளம் நிரம்பிவிட்டது! அதில் ஒரு மீன். வாலை அடித்தால் மூன்று தெருவுக்கு மழை. பிறகு ராஜா ஏழு யானைகளோடு வந்தார். ஒரே உறிஞ்சு, குளம் காலி. ஏழாவது யானைக்கு விக்கல் எடுத்துக் குதித்ததில் சாலை புடைத்துக்கொண்டது. உங்கள் பள்ளி வாசல் வேகத்தடை அதற்குச் சாட்சி.

மாமன்

ஜூலை 19

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். முப்பத்து நாலு பேரும் தும்பிக்கை ஆட்டியதில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டார். "யானையெல்லாம் மாமா விட்ட சரடு, குளம் மட்டும் நிஜம், வரைபடத்திலேயே இருக்கு பாருங்க" என்று முடித்தேன்.

ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. கொத்தனார் மகள்; நாங்கள் வைத்த பெயர் கேள்விப்பெட்டி. "கரை எங்க டீச்சர்?" என்றாள். தேர்வில் 'அங்கே குளம் இருந்ததே இல்லை' என்று எழுதினாள். தப்பு போட்டேன். அன்றிலிருந்து கையே தூக்குவதில்லை. கேள்வி கேட்டு என் உயிரை எடுத்த பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு எந்தப் பாடமும் ஓடவில்லை.

குளம் இருந்ததுதானே மாமா? ஒரு வரி போதும்.

உங்கள் மருமகள்

ஜூலை 24

மருமகளே,

ஒரு வரியா? அந்த மீனின் மீசைக்கே நாலு பக்கம் வேண்டுமே! மீசையில் துணி காயப்போட்டவர்களை எனக்குத் தெரியும். உன் அம்மாவை முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல். இங்கே மழை இல்லை. நான் வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து தரை தேய்ந்துவிட்டது.

மாமன்

ஜூலை 30

மாமா,

நேற்று கேள்விப்பெட்டி தன் அப்பாவின் கொத்துக்கரண்டியை எடுத்துவந்து பொட்டலில் ஐந்து இடத்தில் தோண்டியிருக்கிறாள். குளம் இருந்த இடமென்றால் அடியில் வண்டல் இருக்கும் என்று அவள் அப்பா சொன்னாராம். ஒரு பிடி செம்மண்ணை என் மேசையில் வைத்தாள். "நான் எழுதினது தப்புன்னா, இதையும் தப்புன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

மீசை வேண்டாம். நிஜத்தை எழுதுவதானால் எழுதுங்கள். இல்லையென்றால் இனி எழுதவே வேண்டாம்.

ஆகஸ்ட் 4

அன்புள்ள மருமகளுக்கு,

இதை வகுப்பில் வாசி. கொத்தனார் மகளை முன் பெஞ்சில் உட்காரவைத்து வாசி.

வாய்க்காலுக்கு நீல மை தீட்டிக்கொண்டிருந்தேன். தும்மல் வந்தது. மை தெறித்தது. மூன்று மாத உழைப்பு. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். சுரண்டினால் தாள் கிழியும், சொன்னால் வேலை கிழியும். சுற்றிலும் ஒரு கோடு போட்டுக் கரையாக்கிவிட்டேன். மேலதிகாரி பார்த்து, "குளம் அழகா வந்திருக்கே" என்றார். தலையாட்டினேன். இருபத்தாறு வருஷமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற அன்று 'பிழையே அறியாத கை' என்று பொறித்துக் கேடயம் கொடுத்தார்கள். என் சுவரில் கேடயம், உன் சுவரில் குளம். இன்று காலை கேடயத்தைக் கழற்றிவிட்டேன். குளத்தை அவளையே அழிக்கச் சொல். மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடு. அலுவலகத்துக்கும் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன்.

யானை பொய். மீன் பொய், மீசை சுத்தப் பொய். பேரிடி என் மூக்கு. ஆனால் திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு ஒரே ஒரு சொட்டில் குளம் உண்டானது என்றேனே, அது மட்டும் நிஜம்.

பதில் போடுவாயா?

பிழை அறிந்த மாமன்